கெமரா பிடிக்கப் பழகுவோம்



இந்த இதழில் டிஜிட்டல் கெமரா ஒன்றைச் சரியாக ஆயத்தம் செய்து, படம் எடுத்து, பத்திரப்படுத்துவது எப்படி என்று பார்ப்போம். அதற்கு முன்பு ஒரு சின்னக் கதை.

ரம்புக்கனைப் பக்கத்துத் தோட்டமொன்றில் அடைமழைக்குப் பிறகு ஒரு லயத்தின் கடைசிக் காம்பராவில் பின்சுவர் வெடித்துவிட்டது. வீட்டுக்காரர் விவரமானவர். கொழும்பில் வேலை செய்யும் மகன் கொண்டுவந்து கொடுத்த சின்னக் கெமராவை எடுத்து, அன்றைக்கே வெடிப்பைப் படம் பிடித்துவிட்டார். டவுனில் கழுவி எடுத்த படத்தோடு விண்ணப்பத்தையும் கொண்டுபோய்க் கொடுத்தார். உத்தியோகத்தர் படத்தைத் திருப்பிப் பார்த்தார். மூலையில் மஞ்சள் எழுத்தில் 2008.01.01 என்று விழுந்திருந்தது.

"என்ன இது, பழைய படமா? இவ்வளவு நாளும் எங்கே இருந்தீங்க?"

"இல்லீங்க ஐயா, போன செவ்வாக்கெழம எடுத்தது."

"அப்படியென்றால் இதில் ஏன் இப்படிப் போட்டிருக்கு?"

அவரிடம் பதில் இல்லை. வெடிப்பு உண்மை, சுவரும் உண்மை. திகதி மட்டும் பொய் சொல்லிவிட்டது. கிராம சேவகர் நேரில் வந்து பார்க்கும்வரை காரியம் இழுபட்டது. கெமராவை முதல்முதல் கையில் எடுத்த அன்றைக்கு ஐந்து நிமிடம் செலவழித்துத் திகதியைச் சரிசெய்திருந்தால் இந்த அலைச்சல் இல்லை.

"இப்போதுதான் எல்லார் கையிலும் போன் இருக்கிறதே, கெமரா எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். போன் பெரும்பாலும் ஒருவருடைய பையில் ஒருவரோடு போய்விடும். சிறுவர் நிலையத்திலோ வாசிகசாலையிலோ ஒரு பழைய கெமரா இருந்தால், அது எல்லாருக்கும் பொதுவாக இருக்கும். சொந்தக்காரர்கள் கொண்டுவந்து கொடுத்த கெமராக்கள், பாவிக்கத் தெரியாமல் அலுமாரியில் கிடப்பதும் உண்டு. அவற்றை எடுத்துத் தூசி தட்டுங்கள். இங்கே சொல்வதில் முக்கால்வாசி போனுக்கும் பொருந்தும்.

உள்ளே என்ன நடக்கிறது?

பழைய கெமராவில் பிலிம் சுருள் இருந்தது. வெளிச்சம் பட்டால் மாறுகிற மருந்து அதில் பூசியிருக்கும். டிஜிட்டல் கெமராவில் பிலிம் இல்லை. லென்சுக்குப் பின்னால் விரல் நகம் அளவில் ஒரு சில்லு இருக்கிறது. அதில் இலட்சக்கணக்கான சின்னச் சின்னப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் தன்மேல் விழுந்த வெளிச்சம் எவ்வளவு என்று அளந்து சொல்லும். அந்தக் கணக்கெல்லாம் சேர்ந்ததுதான் படம். பத்து இலட்சம் புள்ளியை ஒரு மெகாபிக்சல் என்பார்கள்.

முதல் டிஜிட்டல் கெமராவை 1975இல் அமெரிக்காவில் கொடக் கம்பனியில் வேலை செய்த ஸ்டீவன் சசன் என்ற பொறியியலாளர் செய்தார். அதில் 10,000 புள்ளிகள் மட்டுமே இருந்தன. ஒரு படத்தைக் கசட் நாடாவில் பதிய 23 விநாடி எடுத்தது. எடை 3 கிலோவுக்கும் மேல். நமக்குப் பக்கத்தில் பின்னவலை யானைகள் காப்பகம் தொடங்கியதும் அதே 1975இல்தான். இன்று அங்கே யானை குளிப்பதைப் பார்க்க வருகிறவர்கள் கையில் இருக்கும் கெமராவில் அதைவிட ஆயிரம் மடங்கு புள்ளிகள் இருக்கின்றன.

ஆயத்தம்: ஐந்து வேலைகள்

1. பெட்டரி. சில கெமராவுக்கு அதற்கென்றே வந்த தட்டையான பெட்டரி இருக்கும். அதை முழுதாகச் சார்ஜ் பண்ணிக்கொள்ளுங்கள். சிலதுக்கு விரல் பெட்டரி இரண்டு போடவேண்டும். டோர்ச்சுக்குப் போடும் மலிவான பெட்டரியைப் போட்டால் கொஞ்சப் படத்தோடு இறங்கிவிடும். திரும்பச் சார்ஜ் பண்ணக்கூடிய பெட்டரி வாங்கினால் முதலில் காசு கூட, ஆனால் நெடுங்காலம் வரும். பெட்டரியின் கூட்டல், கழித்தல் அடையாளத்தைப் பார்த்துப் போடுங்கள்.

2. மெமரி கார்ட். படங்கள் தங்குவது இதில்தான். கார்ட்டின் பக்கத்தில் ஒரு சின்னப் பூட்டு இருக்கும். அது கீழே தள்ளப்பட்டிருந்தால் படம் பதியாது, மேலே தள்ளிவிடுங்கள். மிகப் பழைய கெமராக்கள் 2 ஜீபீ வரையுள்ள எஸ்.டி. கார்ட்டை மட்டுமே ஏற்கும். 2 ஜீபீக்கு மேற்பட்ட எஸ்.டி.எச்.சி. கார்ட் 2006இல் வந்தது. ஆகவே கடைக்குப் போகும்போது கெமராவையும் கையோடு கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்து வாங்குங்கள்.

3. திகதியும் நேரமும். மெனு பட்டனை அமுக்குங்கள். திருகு சாவி படம் போட்ட இடத்துக்குப் போனால் 'டேட் அன்ட் டைம்' என்று இருக்கும். வருடம், மாதம், நாள், மணி, நிமிடம் என்று ஒவ்வொன்றாக அம்புக்குறியால் மாற்றி, நடுவில் உள்ள பட்டனை அமுக்கி முடியுங்கள். இங்கே இரண்டு இடத்தில் பிழை வரும். ஒன்று, 03.04 என்றால் மார்ச் 4ஆ, ஏப்ரல் 3ஆ என்ற குழப்பம். வருடம் முதலில் வரும் முறையைத் தெரிந்தெடுத்தால் குழப்பம் இல்லை. மற்றது, காலையும் மாலையும் மாறிப்போவது. பெட்டரியை நெடுநாள் கழற்றி வைத்தால் திகதி அழிந்து, பழைய ஒரு ஜனவரி முதலாம் திகதிக்குப் போய்விடும். மேலே சொன்ன அண்ணனுக்கு நடந்தது அதுதான். அதனால் ஒவ்வொரு முறை பெட்டரி மாற்றிய பிறகும் திகதியைப் பாருங்கள்.

4. படத்தின் அளவு. போஸ்ட்காட் அளவில் கழுவ 2 மெகாபிக்சல் போதும். சுவரில் மாட்டப் பெரிதாக்க வேண்டுமென்றால் 5 அல்லது அதற்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். ஆகச் சின்ன அளவில் வைத்தால் நிறையப் படம் பிடிக்கலாம், ஆனால் கழுவும்போது முகம் கட்டம் கட்டமாகத் தெரியும். 5 மெகாபிக்சல் படம் ஒன்று ஏறத்தாழ 2 எம்.பீ. இருக்கும். 2 ஜீபீ கார்ட்டில் ஆயிரம் படம்வரை கொள்ளும். கஞ்சத்தனம் தேவையில்லை.

5. 'போர்மட்'. இது கார்ட்டை முழுதாகத் துடைத்துவிடும் வேலை. புதுக் கார்ட் போட்டால் ஒரு தடவை செய்யுங்கள். பழைய கார்ட்டில் செய்வதற்கு முன் உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். கல்யாணப் படம் முழுவதும் ஒரு விரல் அழுத்தத்தில் போய்விடும்.

பிடிக்கும் முறை

இரண்டு கையாலும் பிடியுங்கள். முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொள்ளுங்கள். முடிந்தால் தூணிலோ கதவு நிலையிலோ சாய்ந்துகொள்ளுங்கள். விரல் லென்சை மறைக்கிறதா என்று பாருங்கள்.

பட்டனை ஒரேயடியாக அமுக்குவதுதான் புதிதாகப் பழகுகிறவர்கள் செய்யும் பெரிய பிழை. முதலில் பாதி அமுக்குங்கள். கெமரா தூரத்தையும் வெளிச்சத்தையும் கணக்குப் பார்க்கும். பச்சை விளக்கோ பச்சைக் கட்டமோ தோன்றும். அதன் பிறகு மெதுவாக முழுதும் அமுக்குங்கள். கெமராவை உடனே இறக்காமல் மனதுக்குள் "ஒண்ணு, ரெண்டு" எண்ணுங்கள். மங்கலான படத்தில் பாதி இந்த அவசரத்தால் வருவது.

தூரத்தில் உள்ளதைக் கிட்டக் கொண்டுவர 'சூம்' உண்டு. லென்ஸ் வெளியே நீண்டு வந்தால் அது உண்மையான சூம். அதற்கு மேலும் போனால் 'டிஜிட்டல் சூம்' தொடங்கும். அது இருக்கிற புள்ளிகளைப் பெரிதாக்கிக் காட்டுவது மட்டுமே, படம் கலங்கிப்போகும். மெனுவில் அதை நிறுத்தி வையுங்கள். முடிந்த இடத்தில் நாலு எட்டு முன்னால் நடப்பதே நல்ல சூம்.

வெளிச்சம்தான் பாதிப் படம்

லயத்துக் காம்பராவுக்குள் இருட்டு அதிகம். உள்ளே நிற்கும் பாட்டியைக் கதவுப் பக்கம் பின்னால் இருக்க வைத்து எடுத்தால், வெளியே வெள்ளையாகவும் பாட்டி கரிக்கட்டையாகவும் விழும். வெளிச்சம் முகத்தில் விழ வேண்டும், முதுகில் அல்ல. பாட்டியை இஸ்தோப்புக்குக் கூட்டிவந்து, வெளியே பார்த்தபடி உட்காரச் சொல்லுங்கள். கெமராக்காரர் வாசலில் நின்று எடுக்கட்டும். உச்சி வெயிலில் கண் குழி கறுத்துவிடும். காலை எட்டு மணியும், மாலை நாலு மணியும், மப்பும் மந்தாரமுமான நேரமும் முகத்துக்கு நல்லது.

சின்னக் கெமராவின் பிளாஷ் பத்தடிக்கு அப்பால் உதவாது. தேர்த் திருவிழா இரவில் தூரத்துத் தேரைப் பிளாஷ் போட்டு எடுத்தால் முன்னால் நிற்பவர்களின் பின்தலை மட்டும் வெள்ளையாக விழும். பிளாஷை நிறுத்திவிட்டு, கெமராவை மதில்மேல் அசையாமல் வைத்து, தானாக எடுக்கும் 'டைமரை' இரண்டு விநாடிக்கு வைத்து எடுத்துப் பாருங்கள். வெளிச்சம் குறையும்போது கெமரா கண்ணை அதிக நேரம் திறந்து வைத்திருக்கும். அந்த நேரத்தில் கை அசைந்தால் படம் அசையும்.

காரியத்துக்கு உதவும் படங்கள்

கல்யாணம், சடங்கு, திருவிழாவுக்கு மட்டும் கெமரா இல்லை. மழை, மண்சரிவு, நெருப்பு எல்லாம் நம் கடதாசிகளையும் கொண்டுபோகின்றன. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. 2016 மே 17இல் நம் கேகாலை மாவட்டத்திலேயே அரநாயக்கவில் மலை சரிந்தது. உயிரை இழந்தவர்களின் துயரம் ஒரு பக்கம். தப்பியவர்கள் பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, வங்கிப் புத்தகம் எதுவும் இல்லாமல் தாம் யார் என்று காட்ட வேண்டியிருப்பது இன்னொரு பக்கம்.

கடதாசியைப் படம் எடுப்பது இப்படி: பத்திரத்தைக் கதவருகே நிழலில், தட்டையான மேசையில் வையுங்கள். பிளாஷை நிறுத்துங்கள். பூப்படம் போட்ட பட்டனை அமுக்கினால் கெமரா கிட்டப் பார்க்கும். நேர் மேலே இருந்து, நாலு மூலையும் தெரிய எடுங்கள். பிறகு பெரிதாக்கி, இலக்கம் வாசிக்க முடிகிறதா என்று பாருங்கள். இந்தப் படம் பத்திரத்துக்குப் பதிலாகாது. ஆனால் பதிவு இலக்கமும் திகதியும் கையில் இருந்தால் பிரதேச செயலகத்தில் புதுப் பிரதிக்கு விண்ணப்பிப்பது இலகு. இல்லாவிட்டால் பழைய புத்தகங்களில் தேட வேண்டிவரும். அடையாள அட்டைக்குரிய முகப்படத்தை மட்டும் வீட்டில் எடுக்க வேண்டாம். அதை ஆட்பதிவுத் திணைக்களத்தில் பதிவுபெற்ற ஸ்டூடியோவில்தான் எடுக்க வேண்டும்.

வீட்டுச் சேதத்துக்கு மூன்று படம் எடுங்கள். முதலாவது தூரத்திலிருந்து, எந்த லயம், எந்தக் காம்பரா என்று தெரியும்படி. இரண்டாவது முழுச் சுவரும் விழும்படி. மூன்றாவது வெடிப்புக்குக் கிட்ட, பக்கத்தில் பிள்ளையின் அடிமட்டத்தை வைத்து. அகலம் எவ்வளவு என்று அது சொல்லும். அன்றைய வீரகேசரியோ தினகரனோ கிடைத்தால் முன்பக்கத்தையும் ஒரு ஓரத்தில் விழ வையுங்கள். அந்த நாளுக்கு முன்பு எடுத்த படம் இல்லை என்பதற்கு அதுவே சாட்சி. ஒரு வாரம் கழித்து அதே இடத்தில் நின்று மறுபடி எடுங்கள். வெடிப்பு வளர்கிறதா என்று தெரியும்.

இந்த மாதிரிப் படங்களுக்கு மெனுவில் 'டேட் ஸ்டாம்ப்' போட்டுக்கொள்ளுங்கள். குடும்பப் படத்துக்கு நிறுத்திவிடுங்கள், ஒருதரம் விழுந்த எழுத்தை அழிக்க முடியாது. எழுத்து விழாவிட்டாலும் படத்தின் உள்ளே திகதி ஒளிந்திருக்கும். ஆனால் வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அந்த உள்விவரம் கழன்றுவிடும். அலுவலகத்துக்கு அனுப்பும்போது 'டொக்கியுமென்ட்' என்ற வழியில் அனுப்புங்கள். கார்ட்டில் உள்ள மூலப்படத்தை அழிக்காதீர்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். மேட்டில் புதிதாக நிலம் வெடித்திருந்தால், மரம் சாய்ந்திருந்தால், இல்லாத இடத்தில் ஊற்று வந்தால், ஓடும் தண்ணீர் திடீரென்று கலங்கினால் கெமராவைத் தேடாதீர்கள். பிள்ளைகளையும் வயதானவர்களையும் கூட்டிக்கொண்டு முதலில் வெளியேறுங்கள். பாதுகாப்பான இடத்துக்குப் போய், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்துக்குச் சொல்லுங்கள். சுவர் போனால் கட்டலாம்.

பெயர் எழுதுங்கள்

காரியத்துக்குரிய படத்துக்குத் திகதி எவ்வளவு முக்கியமோ, குடும்பப் படத்துக்குப் பெயர் அவ்வளவு முக்கியம். இதற்கும் நம் மலையகத்திலேயே ஒரு பழைய பாடம் இருக்கிறது.

ஜூலியா மார்கரெட் கமரன் என்ற ஆங்கிலப் பெண்மணிக்கு 48ஆவது வயதில்தான் மகளும் மருமகனும் முதல் கெமராவைப் பரிசாகக் கொடுத்தார்கள். "இந்த வயசுல எனக்கு இதெல்லாம் வருமா?" என்று கேட்கும் அம்மாமார் இதைக் கவனியுங்கள். அவர் உலகம் அறிந்த படப்பிடிப்பாளர் ஆனார். கணவருக்கு இலங்கையில் தோட்டங்கள் இருந்ததால் 1875இல் இங்கே வந்து களுத்துறையில் வசித்தார். ஊர் மக்களையும் தோட்டத் தொழிலாளர்களையும் படம் எடுத்தார். அப்போது கண்ணாடித் தட்டில் மருந்து பூசி, ஈரம் காயுமுன் எடுக்க வேண்டும். எதிரே இருப்பவர் பல விநாடிகள் அசையாமல் இருக்க வேண்டும். 1879இல் டிக்கோயாவில் காலமான அவரைப் பொகவந்தலாவை சென் மேரிஸ் தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள்.

அந்தப் படங்களில் சில இன்றும் வெளிநாட்டு நூதனசாலைகளில் பத்திரமாக இருக்கின்றன. எடுத்தவரின் பெயர் எல்லாருக்கும் தெரியும். அசையாமல் இருந்து படத்துக்கு முகம் கொடுத்தவர்களில் பலரின் பெயர் எங்கும் இல்லை. "களுத்துறைக் கிராமத்தவர்கள்" என்பது போல ஒரு குறிப்பு மட்டும் இருக்கிறது. அவர்கள் யார் வீட்டுப் பாட்டியோ, யார் வீட்டுத் தாத்தாவோ, கேட்டுச் சொல்ல ஆள் இல்லை.

இன்றும் சுற்றுலா வருகிறவர்கள் கொழுந்து எடுக்கும் நம் பெண்களை நிறுத்திப் படம் எடுக்கிறார்கள். அந்தப் படம் ஒன்றாவது நம் வீட்டுச் சுவரில் உண்டா? 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தியா போக எடுத்த பாஸ்போட் படம்தான் பல குடும்பங்களில் பெரியவர்களின் ஒரே படம். அதிலும் பின்னால் எழுதாவிட்டால் பேரப்பிள்ளைக்கு அது யாரோ ஒருவர்.

ஆகவே கழுவிய படத்தின் பின்னால் பென்சிலால் எழுதுங்கள்: யார் யார், எந்தத் தோட்டம், எந்த டிவிசன், என்ன நாள். பேனா மை மறுபக்கம் ஊறும். படம் எடுக்கும் முன் அவரிடம் கேளுங்கள். "வேணாம்பா" என்றால் விட்டுவிடுங்கள். பீலிக்கரையில் குளிப்பவர்களையும், நோயாளிகளையும், அடுத்த வீட்டுப் பிள்ளைகளையும் சொல்லாமல் எடுப்பது கூடாது.

படங்களை ஒரே கார்ட்டில் விட்டுவைப்பது எல்லாக் கொழுந்தையும் ஓட்டைக் கூடையில் போடுவது போல. மாதம் ஒருமுறை பாடசாலையிலோ வாசிகசாலையிலோ உள்ள கணினிக்கு மாற்றுங்கள். ஒரு பிரதி 'பென் டிரைவில்' வேறு ஊரில் உள்ள சொந்தக்காரர் வீட்டில் இருக்கட்டும். முக்கியமான பத்துப் படத்தையாவது கழுவி வையுங்கள். கணினி பழுதாகலாம், கழுவிய படத்தைப் பார்க்கக் கண் மட்டும் போதும்.

பராமரிப்பு

சப்ரகமுவையில் மழை நம்மைக் கேட்டு வருவதில்லை. ஈரம் இருந்தால் லென்சுக்குள் பூஞ்சணம் பிடிக்கும். பிடித்தால் துடைக்க முடியாது. புதுச் சப்பாத்துப் பெட்டியில் வரும் சின்ன வெள்ளைப் பொட்டலங்களை எறியாமல், மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் கெமராவோடு போட்டு வையுங்கள். சின்னப் பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும். அடுப்புக்கு மேலே வைத்தால் காயும் என்று நினைக்காதீர்கள், புகை படியும். லென்சைச் சேலைத் தலைப்பால் துடைக்காதீர்கள். முதலில் தூசியை ஊதி, பிறகு கழுவிக் காய்ந்த மெல்லிய பருத்தித் துணியால் மெதுவாகத் துடையுங்கள். நெடுநாள் பாவிக்காவிட்டால் பெட்டரியைக் கழற்றிவிடுங்கள். கசிந்தால் கெமராவே போய்விடும். மறுபடி போடும்போது முதல் வேலை என்ன? ஆமாம், திகதி.

இந்த ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சி

1. கெமராவிலோ போனிலோ திகதியும் நேரமும் சரியா என்று பாருங்கள்.

2. வீட்டில் மூத்தவரை இஸ்தோப்பில் இருக்க வைத்து, பிளாஷ் இல்லாமல் ஒரு படம் எடுங்கள். எடுக்கும்போது அவருடைய அப்பா அம்மா பெயரையும், அவர்கள் எந்தத் தோட்டத்தில் பேர் பதிந்தார்கள் என்பதையும் கேட்டு எழுதுங்கள்.

3. வீட்டில் உள்ள எல்லாப் பிறப்புப் பத்திரங்களையும் இலக்கம் தெரியும்படி எடுங்கள்.

4. வீட்டை வெளியிலிருந்து நாலு பக்கமும் எடுத்து வையுங்கள். சேதம் வந்தால், முன்பு எப்படி இருந்தது என்று காட்ட உதவும்.

நாலையும் முடிக்க ஒரு மணித்தியாலம் போதும். தெரிந்தவர்கள் அடுத்த காம்பராவுக்கும் சொல்லிக்கொடுங்கள். பெரட்டுக் களத்தில் நின்று பேசும்போது, "அக்கா, ஒங்க கெமராவுல தேதி சரியா இருக்கா?" என்று ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.